மூடிய கலனுக்குள் திரவம் எவ்வளவு? மட்டமானி காட்டும் எண்ணைப் புரிந்துகொள்ள ஒரு விளக்கம்

வீராணம் ஏரியின் நீர்மட்டம் கடலூர் மாவட்டத்தில் எல்லோருக்கும் பழகிய எண். முழு மட்டம் 47.50 அடி, இன்றைக்கு எவ்வளவு என்று மழைக்காலத்தில் நாளிதழ்கள் விடாமல் சொல்கின்றன. அந்த எண்ணை யாரும் சந்தேகிப்பதில்லை. கோடு போட்ட அளவுகோல் தண்ணீரில் நிற்கிறது. தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அதே மாவட்டத்தின் சிப்காட் வேலிக்குள் நிலைமை வேறு. 2025 மே மாதம் குடிகாட்டில் சாயத் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அது ஏன் உடைந்தது என்பது தனி விசாரணைக்கு உரியது. இங்கே அதைப் பேசப்போவதில்லை. ஆனால் இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் சுற்றுவட்டார மக்களுக்கு ஒரு நியாயமான கேள்வி எழுகிறது: உள்ளே எவ்வளவு இருந்தது என்று தெரியாமலா ஆலையை ஓட்டினார்கள்? அதற்கு மறுநாள் செய்தியில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இரண்டே சொற்கள்: ‘அளவுமானி பழுது’.

இரும்புச் சுவருக்குள் கடும் அழுத்தத்திலும், உறைகுளிரிலும், கொதிசூட்டிலும் வாயுவையும் திரவத்தையும் சேர்த்து வைத்திருக்கும் கலன்களைப் பொறுத்தவரை, அந்த இரண்டு சொற்கள் போதவே போதாது. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ஒரே பாத்திரத்தில் இரண்டு குடித்தனம்

வீட்டுச் சமையல் எரிவாயு சிலிண்டரிலிருந்து தொடங்கலாம். 14.2 கிலோ சிலிண்டரின் உள்கொள்ளளவு 33.3 லிட்டர். அதில் அடைக்கப்படும் திரவ எரிவாயு ஏறத்தாழ 26 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். மீதி இடம் ஆவிக்கு. வெயில் ஏறினால் இந்தத் திரவம் தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். ஆவிக்கு இடம் விடாமல் கழுத்துவரை நிரப்பினால், விரியும் திரவம் இரும்பையே பிளந்துவிடும். மட்டத்தை அளப்பது உயிர்ப் பிரச்சினை ஆவது இங்கேதான்.

சிலிண்டரில் எவ்வளவு மீதி என்று பார்க்க நம் வீடுகளில் ஒரு வழி உண்டு. ஈரத் துணியால் சிலிண்டரைச் சுற்றித் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுக்க வேண்டும். மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும். திரவம் இருக்கும் கீழ்ப்பகுதியில் ஈரம் தங்கும். இரண்டும் பிரியும் கோடுதான் மட்டம்.

இதில் திரவத்தை நாம் பார்க்கவில்லை. ஈரம் காயும் வேகத்தைப் பார்த்தோம். அதிலிருந்து திரவம் எங்கே நிற்கிறது என்று ஊகித்தோம். ஆலைகளில் இருக்கும் விலை உயர்ந்த கருவிகளும் இதையேதான் செய்கின்றன. எடை, மிதப்பு, எதிரொலி, கதிர் என்று வேறு ஏதோ ஒன்றை அளந்து, அதை மட்டமாக மாற்றிச் சொல்கின்றன. அந்தக் கணக்கின் அடியில் ஓர் அனுமானம் இருக்கும். அனுமானம் பொய்த்துப்போனால், கருவி துளியும் பழுதாகாமலே எண் பொய்யாகிவிடும்.

தொடர்ந்து வரும் சில சொற்கள்:

1. பார்: அழுத்தத்தின் அலகு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். எரிவாயுவைச் சுத்திகரிக்கும் கலன்களில் 70 பார் என்பது சாதாரணம்.
2. அடர்த்தி: ஒரு கன மீட்டர் பொருளின் எடை. தண்ணீருக்கு 1000 கிலோ. திரவ சமையல் எரிவாயுவுக்கு ஏறத்தாழ 540 கிலோ.
3. டிரான்ஸ்மிட்டர்: கலனில் பொருத்திய கருவி அளந்ததை மின்சமிக்ஞையாக்கிக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும் பெட்டி. பேனல் முன் உட்கார்ந்திருப்பவர் பார்க்கும் எண் இதிலிருந்து வருகிறது.
4. டிரிப்: மட்டம் வரம்பைத் தாண்டினால், மனிதர் கையை எதிர்பார்க்காமல் வால்வை மூடுவதோ பம்பை நிறுத்துவதோ செய்யும் தானியங்கி ஏற்பாடு.

இத்தகைய கலன்கள் நமக்குத் தொலைவில் இல்லை. கடலூரின் பி.வி.சி. உற்பத்திக்கு மூலப்பொருளான வினைல் குளோரைடு மைனஸ் 13 டிகிரியிலேயே கொதிக்கும் பொருள். அழுத்தத்தில் அடக்கி வைத்தால்தான் திரவமாக இருக்கும். நெய்வேலியில் கொதிகலன்கள். தெற்கே நரிமணம், குத்தாலம் பக்கம் பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயுவையும் திரவத்தையும் பிரிக்கும் கலன்கள். புதுச்சேரி ஜிப்மர் போன்ற பெரிய மருத்துவமனைகளில் திரவ ஆக்சிஜன் தொட்டி, மைனஸ் 183 டிகிரியில்.

கண்ணாடிக் குழாயும் குறைத்துச் சொல்லும்

‘கலனின் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்தால் ஆயிற்று’ என்று தோன்றும். வைக்கிறார்கள். கேஜ் கிளாஸ் என்று தொழிலாளர்கள் சொல்வது அதைத்தான். மேலும் கீழும் கலனோடு இணைந்த குழாய்; உள்ளே ஏறும் திரவம் வெளியே தெரியும். அழுக்குப் படிந்தால் தெரியாது, குளிர்ந்த கலன் என்றால் வெளியே உறைபனி மூடிக்கொள்ளும். இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள், ஆகவே ஏமாற்றாதவை. தெரியாத குறை ஒன்று இருக்கிறது.

நெய்வேலி போன்ற இடங்களின் அனல்மின் கொதிகலனில் நீரும் நீராவியும் பிரியும் டிரம் என்ற உருளையை எடுத்துக்கொள்வோம். 150 பார் அழுத்தத்தில் அங்கே தண்ணீர் 342 டிகிரியில் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் அதன் அடர்த்தி 1000 அல்ல, ஏறத்தாழ 600 கிலோதான். அதன் மேல் நிற்கும் நீராவியும் லேசானதல்ல. கன மீட்டருக்கு 97 கிலோ.

வெளியே இருக்கும் குழாயில் தண்ணீர் சூடு இறங்கி 200 டிகிரியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதன் அடர்த்தி 870 கிலோவைத் தாண்டிவிடும். உள்ளே லேசான தண்ணீர், வெளியே கனத்த தண்ணீர். இரண்டும் அடியில் இணைந்திருப்பதால் எடைதான் சமப்படும், உயரம் சமப்படாது. கணக்குப் போட்டால், கீழ் இணைப்புக்கு மேல் டிரம்முக்குள் 50 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கும்போது குழாயில் 33 சென்டிமீட்டர்தான் தெரியும். கண்ணாடி சுத்தமாக இருக்கிறது, பார்ப்பவர் கவனமாக இருக்கிறார், இருந்தும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கொதிகலன் வடிவமைப்பவர்களுக்கு இது தெரியும். அளவுக்கோட்டை அதற்கேற்பத் திருத்தித்தான் வைக்கிறார்கள். ஆனால் அந்தத் திருத்தம் வேலை அழுத்தத்துக்கு மட்டும் பொருந்தும். கொதிகலனைக் குளிர்நிலையிலிருந்து கிளப்பும்போது பொருந்தாது.

எடை போட்டு உயரத்தைச் சொல்வது

உலகெங்கும் மிகப் பரவலாக இருப்பது அழுத்த வேறுபாட்டு முறை. கலனின் அடியிலும் உச்சியிலும் ஒவ்வொரு சிறு குழாய். இரண்டின் அழுத்தத்தையும் ஒரு கருவி ஒப்பிடுகிறது. அடியில் இருக்கும் கூடுதல் அழுத்தம் திரவத்தின் எடையால் வருவது. எடை தெரிந்தால், அடர்த்தியால் வகுத்து உயரம்.

இதை நேரில் பார்க்க விரும்புபவர்கள் மருத்துவமனை ஆக்சிஜன் தொட்டியின் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தொட்டியை நம்பிப் படுக்கைக்கு அருகே உட்கார்ந்திருந்தன. வெள்ளைத் தூண்போல் நிற்கும் தொட்டி; பக்கத்தில் பனி அப்பிய அலுமினியத் துடுப்புகள்; தொட்டியின் இடுப்பளவில் இரண்டு வட்ட முகப்புகள். ஒன்று அழுத்தம். இன்னொன்று உள்ளிருப்பு. இரண்டாவது முகப்புக்குப் பின்னால் இருப்பது இதே அழுத்த வேறுபாட்டு முறைதான். உள்ளே இருக்கும் ஒரு லிட்டர் திரவம், ஏறத்தாழ 860 லிட்டர் வாயுவாக விரிந்து வார்டுக்குப் போகிறது. முகப்பில் முள் ஒரு கோடு இறங்குவது எத்தனை மூச்சு என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

அடியிலிருந்து கிளம்பும் அந்தச் சிறு குழாயில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. குழாய்க்குள் வரும் மைனஸ் 183 டிகிரித் திரவம், நம் ஊர்ச் சூடு பட்டவுடன் கொதித்து ஆவியாகிவிடும். குழாய் முழுக்க வாயு நிற்கும். இது வேண்டுமென்றே செய்வது. வாயுவுக்கு எடை அநேகமாக இல்லை. ஆகவே அடியின் அழுத்தத்தை அது கூட்டாமல் குறைக்காமல் முகப்புக்குக் கொண்டுசெல்கிறது. குழாயின் சாய்வு தவறி அதில் பாதி திரவமும் பாதி வாயுவுமாக மாறி மாறி நின்றால், முள் நடுங்க ஆரம்பித்துவிடும்.

இந்த முறை சறுக்கும் இடங்கள்:

1. திரவத்தின் அடர்த்தி மாறுவது. திரவ ஆக்சிஜன் காற்றழுத்தத்தில் ஒரு லிட்டருக்கு 1.14 கிலோ. அதுவே 10 பார் அழுத்தத்தில் சூடேறி நின்றால் ஒரு கிலோவுக்கும் கீழே வந்துவிடும். எடை அதே, உயரம் கூடுதல். எவ்வளவு ஆக்சிஜன் கையிருப்பு என்பதற்கு முகப்பு சரியான பதில்தான் சொல்கிறது. தொட்டி நிரம்பிவிட்டதா என்பதற்குச் சொல்வதில்லை. ஆகவேதான் டேங்கர் லாரியிலிருந்து நிரப்புபவர் முகப்பை மட்டும் நம்பாமல், நிரம்பும் உயரத்தில் வைத்த ஒரு சின்னக் குழாயைத் திறந்துவைத்து, அதிலிருந்து ஆவிக்குப் பதில் திரவம் தெறிக்கத் தொடங்கியதும் நிறுத்துகிறார்.

2. வாயுவின் எடையை மறப்பது. சாதாரணக் காற்றழுத்தத்தில் மீத்தேன் கன மீட்டருக்கு முக்கால் கிலோகூட இல்லை. 70 பாரில் அதுவே ஏறத்தாழ 50 கிலோ. 650 கிலோ அடர்த்தியுள்ள திரவம் ஒரு மீட்டர் நிற்கும் கலனில் இதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், கருவி 92 சென்டிமீட்டர் என்றுதான் சொல்லும். ஆலையைக் கிளப்பும்போது அழுத்தம் குறைவு, எண் சரி; அழுத்தம் ஏற ஏற எண் விலகிக்கொண்டே போகும்.

3. சிறு குழாய் அடைத்துக்கொள்வது. அதிக அழுத்தத்தில் எரிவாயுவும் ஈரமும் சேர்ந்தால் பனிக்கட்டி போன்ற ஒரு திடப்பொருள் உருவாகும். ஹைட்ரேட் என்று பெயர். தண்ணீர் உறையும் பூஜ்ஜியத்துக்காக அது காத்திருப்பதில்லை. பத்துப் பதினைந்து டிகிரியிலேயே கட்டிக்கொள்ளும். குழாய் அடைத்தபின் கருவி கடைசியாகப் பிடித்த அழுத்தத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அசையாத எண் அமைதியின் அடையாளம் என்று பேனலில் இருப்பவர் நினைத்துவிடக் கூடாது. உயிருள்ள மட்டம் எப்போதும் கொஞ்சம் அசையும்.

டெக்சாஸ் சிட்டி: ஏறிய மட்டம், இறங்கிய எண்

மிதப்பை வைத்து அளப்பது இன்னொரு முறை. கலனுக்குள் ஒரு கனமான உருளையைத் தொங்கவிடுகிறார்கள். கிணற்றுக்குள் இறக்கிய குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை கை கனக்காது. நீர்ப்பரப்பை விட்டு மேலே வந்ததும்தான் முழு எடையும் தெரியும். அதேபோல் திரவம் ஏற ஏற உருளையின் எடை குறைந்ததுபோல் தெரியும். எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து மட்டம்.

2005 மார்ச் 23. அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. 170 அடி உயரக் கோபுரம் ஒன்றை நீண்ட பராமரிப்புக்குப் பின் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். மிதப்பு உருளை அளந்தது கோபுரத்தின் அடியில் உள்ள முதல் 9 அடிக்குள், வெறும் 5 அடி நீளத்தை. அதற்கு மேல் 160 அடிக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை.

மூன்று மணி நேரத்துக்கும் மேலாகத் திரவம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது, வெளியே போகவில்லை. உருளை முழுவதும் மூழ்கியது. முழுக்க மூழ்கிய உருளைக்கு மட்டம் ஏறுவது தெரியாது. அதன் எடையை மாற்றக்கூடியது இனி திரவத்தின் அடர்த்தி ஒன்றுதான். அடியில் சூடேற்றத் தொடங்கினார்கள். சூடேறிய திரவம் லேசானது. லேசான திரவம் உருளையைத் தாங்குவது குறைந்தது. தாங்குவது குறைந்தால், கருவியின் மொழியில், மட்டம் இறங்குகிறது என்று பொருள்.

கோபுரத்துக்குள் திரவம் 158 அடி உயரம் எட்டியபோது கட்டுப்பாட்டு அறையில் தெரிந்த எண் 7.9 அடி. அதுவும் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்த எண். தனியாக வைத்திருந்த உயர்மட்ட அலாரம் ஒலிக்கவில்லை. கண்ணாடிக் குழாய் அழுக்கேறிப் படிக்க முடியாமல் இருந்தது. திரவம் மேல்வழியாக வெளியேறி, தரையில் பரவி, தீப்பற்றி வெடித்தது. 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள்.

பேனல் முன் இருந்தவர் எண்ணைப் பார்க்காமல் விட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அவர் பார்த்த எண்ணே அவரை எதிர்த்திசைக்கு அனுப்பியது. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது அடுப்படியில் செல்லும்; அடியில் 5 அடியைப் பார்த்து 170 அடிக் கோபுரத்தைச் சொல்ல அது செல்லாது. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் தொட்டியிலிருந்து நச்சாவி பரவியபோதும் இதே குறை வெளிவந்தது: வெப்பம் அளக்கும் கருவி தொட்டியின் அடியில் இருந்தது, திரவம் சூடேறியது மேலடுக்கில்.

எதிரொலியும் கதிரும்

அடர்த்தியை நம்பாத முறைகள் உண்டு. ரேடார் அவற்றில் முதன்மையானது. உச்சியிலிருந்து நுண்ணலையை அனுப்பி, திரவப் பரப்பில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கிறது. அலை ஒளியின் வேகத்தில் போகிறது. 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்வர 67 நானோ வினாடி. ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தைப் பிரித்தறிய வேண்டுமென்றால், ஒரு வினாடியை லட்சம் கோடிப் பங்காக்கி அதில் 67 பங்கைப் பிரித்தறிய வேண்டும். இன்றைய கருவிகள் இதைச் செய்கின்றன என்பது உண்மையிலேயே வியக்கத்தக்கது.

ஆனால் திரவம் எதிரொலிக்க வேண்டுமே. தண்ணீர் மின்தன்மையில் வலுவானது. படும் ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பியனுப்பும். திரவ மீத்தேன், திரவ எரிவாயு போன்றவை இரண்டு சதவீதம் திருப்பினாலே அதிகம். மீதியெல்லாம் திரவத்துக்குள் புகுந்து அடித்தகட்டில் பட்டுத் திரும்பும். ஆகவே அலையைத் திறந்தவெளியில் விடாமல், உச்சியிலிருந்து அடிவரை தொங்கும் ஒரு கம்பியின் வழியாகவோ குழாயின் வழியாகவோ செலுத்துகிறார்கள்.

இன்னொரு தொல்லை ஆவி. கனத்த ஆவியில் அலையின் வேகம் குறைகிறது. 100 பார் நீராவியில் பிழை சில சதவீதத்தைத் தாண்டிவிடும். தாமதமாகத் திரும்பும் எதிரொலியை, ‘திரவம் இன்னும் கீழே இருக்கிறது’ என்று கருவி படிக்கும். இருப்பதைவிடக் குறைத்துச் சொல்லும் பிழை இது. நிரம்பி வழியும் பக்கம் தள்ளும் பிழை. இதற்கு மாற்று, ஆவிப்பகுதியில் தெரிந்த தூரத்தில் ஒரு சிறு தடுப்பை வைத்து, அதன் எதிரொலியை வைத்து வேகத்தை அவ்வப்போது திருத்திக்கொள்வது.

எதுவுமே உள்ளே நுழைய முடியாத கலன்களுக்குக் கடைசிப் புகலிடம் காமா கதிர். சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை ஒரு பக்கம் ஈயக் கூட்டுக்குள் வைத்து, எதிர்ப்பக்கம் உணர்கருவி. கதிர் தடித்த எஃகுச் சுவரையும் ஊடுருவும். நடுவே திரவம் இருந்தால் குறையும். கலனில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். வைத்திருக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும்.

இதற்கும் மயக்கங்கள் உண்டு. சீசியம் 30 ஆண்டுகளில் பாதியாகத் தேயும். அந்தத் தேய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு மட்டம் கூடுவதுபோல் தெரியும். இதைவிட அபாயமானது அக்கம்பக்கத்து வேலை. குழாயின் வெல்டிங்கைச் சோதிக்க வேறொரு கதிர்மூலத்தை அருகே திறந்தால், அந்தக் கதிர் உணர்கருவியில் விழும். கதிர் அதிகம் என்றால் திரவம் இல்லை என்று பொருள். கலன் காலி என்கிறது கருவி. காலியென நம்பும் தானியங்கி, வெளியேற்றும் வால்வை மூடுகிறது. உள்ளே மட்டம் ஏறத் தொடங்குகிறது. இரண்டு துறையினரும் தத்தம் வேலையை ஒழுங்காகச் செய்யும்போதே இது நடக்கும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும் தடுக்க.

நுரை பொங்கும் கலன்களில், எந்த முறையை நம்புவது என்பதே குழப்பம். எடைக்கருவி நுரையைப் பொருட்படுத்தாது, ரேடார் நுரையில் தன் எதிரொலியை இழக்கும், காமா பாதித் திரவம் என்று சொல்லும். மூன்றும் மூன்று எண். மூன்றும் தம்மளவில் சரி.

மட்டம் தவறினால் என்ன ஆகும்

நிரம்பி வழிவது எல்லோருக்கும் புரியும். வாயுவோடு திரவமும் சேர்ந்து அடுத்த கருவிக்குள் போனால், வாயுவை அழுத்தும் கம்ப்ரசருக்குள் அழுந்த மறுக்கும் திரவம் புகுந்து அதை உடைக்கும். ஆனால் மட்டம் குறைந்தால்? பலரும் ‘நல்லதுதானே’ என்று நினைப்பார்கள்.

உயரழுத்தக் கலனின் அடியில் நிற்கும் திரவம் வெறும் சரக்கு அல்ல. அது ஒரு தக்கை. மேலே உள்ள வாயு அடிக்குழாய் வழியாக அடுத்த கலனுக்குள் பாயாமல் அடைத்து நிற்பது அந்தத் திரவம்தான்.

1987 மார்ச் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சுத்திகரிப்பு ஆலையில் அந்தத் தக்கை போய்விட்டது. 155 பார் கலனிலிருந்த வாயு, 9 பாரில் இயங்கும் கலனுக்குள் பாய்ந்தது. அது வெடித்தது; ஒருவர் இறந்தார். அங்கே முதன்மை மட்டமானியை ஊழியர்கள் நம்பவில்லை. வேறொரு பதிவுக்கருவியின் கோட்டைப் பார்த்து ஓட்டினார்கள். அந்தக் கருவியில் பூஜ்ஜியம் நகர்ந்திருந்தது. இல்லாத திரவத்தை இருப்பதாகக் காட்டியது. மட்டம் மிகக் குறைந்தால் வால்வை மூட வேண்டிய டிரிப், பல ஆண்டுகளுக்கு முன்பே துண்டிக்கப்பட்டிருந்தது.

ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டில் நடந்தது எதிர்ப்பக்கம். 1998 செப்டம்பர் 25. எரிவாயுவைச் சுத்திகரிக்கும் ஆலையில் ஒரு கோபுரத்தின் அடியில் குளிர்ந்த திரவத்தின் மட்டம் வரம்பைத் தாண்டி, எண்ணெய் போகும் பாதையில் கலந்தது. தொடர் விளைவாகச் சூடான எண்ணெயைச் சுற்றவிடும் பம்புகள் நின்றன. எப்போதும் சூடாக இருக்க வேண்டிய ஒரு வெப்பப் பரிமாற்றி மைனஸ் 48 டிகிரிக்கு இறங்கி, வெளியே பனி படர்ந்தது. அந்தக் குளிரில் அதன் எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிட்டது. சூடான எண்ணெயை மறுபடி திறந்துவிட்டபோது அது பிளந்தது. 2 பேர் இறந்தார்கள். 8 பேர் காயமடைந்தார்கள். விக்டோரியா மாநிலத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் எரிவாயு இல்லை. ஒரு மட்டம் சில மணி நேரம் கூடியிருந்ததில் தொடங்கியது இது.

ஒன்றுக்கு மூன்று

இவ்வளவுக்குப் பின் பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு கருவியை நம்புவதில்லை. முக்கியமான கலனில் மூன்று டிரான்ஸ்மிட்டர்கள். இரண்டு ஒத்துப்போனால் அதன்படி டிரிப். மூன்றும் ஒரே வகையாக இருந்தால் பயன் பாதிதான். மூன்று அழுத்தக் கருவிகளும் ஒரே அடர்த்தியை அனுமானித்தால், மூன்றும் ஒரே பொய்யைச் சேர்ந்து சொல்லும். எடையில் ஒன்று, எதிரொலியில் ஒன்று என்று முறை மாற வேண்டும். கலனோடு இணையும் குழாய்களும் தனித்தனியாக இருக்க வேண்டும். அன்றாடக் கட்டுப்பாட்டுக்கு உதவும் கருவியே டிரிப்புக்கும் பொறுப்பாக இருக்கக் கூடாது.

இதெல்லாம் இருந்தும் போதாத இடம் உண்டு. இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலை, பெட்ரோல் தொட்டியின் மட்டமானி அசையாமல் ஒரே எண்ணில் நின்றுவிட்டது, பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. தனியான உயர்மட்ட சுவிட்ச் இருந்தது. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் நிறுத்தும் சிறு பூட்டு மாட்டப்படவில்லை. ஆகவே சுவிட்ச் வேலை செய்யவில்லை. ஒரு பூட்டு.

நம் கரையோரத்துக்கென்று கூடுதல் கவலைகள் இருக்கின்றன. கடலூர் உப்புக்காற்று டிரான்ஸ்மிட்டரின் மூடியையும் கேபிள் நுழையும் வாயையும் அரிக்கிறது. உள்ளே ஈரம் புகுந்தால் சமிக்ஞை நகரும். வடகிழக்குப் பருவமழையின் மின்னல் உணர்கருவிகளை ஒரே நேரத்தில் பலவாகச் சாகடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்ததை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. அப்படி ஒரு நாளில் மின்சாரம் போய், வால்வுகளை இயக்கும் அழுத்தக் காற்றும் நின்று, கலன்கள் மட்டும் நிரம்பிய நிலையில் நிற்கும். அந்த நிலையில் எந்த வால்வு தானாக மூடும், எது தானாகத் திறக்கும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1989 ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகள், விபத்தால் பாதிக்கப்படக்கூடிய சுற்றுவட்டார மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதையும் தெரிவிக்கச் சொல்கின்றன. அழுத்தக் கலன்களுக்கு 2016 ஆம் ஆண்டின் தனி விதிகள் உண்டு. பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றைக் கவனிக்கிறது. மாநிலத்தில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. ஆகவே அடுத்த முறை ‘அளவுமானி பழுது’ என்று படிக்கும்போது, கருத்துக்கேட்புக் கூட்டத்திலோ விசாரணையிலோ செய்தியாளர் சந்திப்பிலோ கேட்கத் தக்கவை இவை:

1. அந்தக் கருவி எதை அளந்து மட்டத்தைச் சொன்னது? எடையா, மிதப்பா, எதிரொலியா, கதிரா?
2. எந்த அடர்த்தியை, எந்த அழுத்தத்தை வைத்து அது திருத்தப்பட்டிருந்தது? அன்று உள்ளே இருந்ததும் அதேதானா, அல்லது ஆலையைக் கிளப்பிக்கொண்டிருந்த நேரமா?
3. கலனின் எந்த உயரத்திலிருந்து எந்த உயரம்வரை அது அளந்தது? அதற்கு மேலே என்ன இருந்தது?
4. வேறு முறையில் இயங்கும் இரண்டாவது கருவி இருந்ததா? இரண்டும் ஒத்துப்போகாத நாட்களில் எதை நம்பினார்கள், யார் முடிவு செய்தார்கள்?
5. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தார்களா? டெக்சாஸ் சிட்டியில் மட்டமானி எதுவும் இல்லாமலே உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய கணக்கு இது.
6. டிரிப்பை வேலைக்காகத் துண்டிக்கும்போது எழுதிவைக்க ஒரு பதிவேடு இருக்க வேண்டும்: எந்த டிரிப், யார் சொல்லி, எத்தனை மணிக்கு, மறுபடி எப்போது இணைத்தார்கள். அந்தப் பதிவேட்டில் இணைத்ததற்கான கையொப்பம் இல்லாத வரிகள் எத்தனை?